சின்னதுக்குக் காய்ச்சல் வரவில்லை

சவரக்கத்தி வாடிக்கையாளரின் தொண்டைக் குமிழைத் தாண்டப்போகிற நேரம் பார்த்துத்தான் வீட்டிலிருந்து போன் வந்தது. கையில் கத்தி இருக்கும்போது சலூன்காரன் போனை எடுக்கமாட்டான். அது அவன் மனைவிக்கும் தெரியும். தெரிந்தும் விடாமல் இரண்டாவது தடவை அடிக்கிறாள் என்றால் விஷயம் சும்மா இருக்காது. இடது கையால் போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"பெரிசுக்கு உடம்பு கொதிக்குதுங்க. வயித்துல, முதுகுல எல்லாம் பொரிப்பொரியா கிளம்பியிருக்கு."

"சின்னது?"

"அது நல்லாத்தான் இருக்கு. உங்க செருப்பை வாயில வச்சிக்கிட்டு கிடக்கு."

"செருப்பைப் பிடுங்கு மொதல்ல. காய்ச்சலுக்குப் பயப்படாத. தட்டம்மை ஊசி போட்டா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு இப்படி வரும்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல? மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்லதுதான்." இப்படிப் பெரிய மனுஷனாக ஆறுதல் சொல்லிவிட்டு போனை மேசையில் வைத்தான். பெரிசு, சின்னது என்பது அவனுடைய இரட்டைப் பெண் குழந்தைகள். பிறந்து ஒன்பது மாதம் தாண்டியிருந்தது. சில நிமிஷம் முந்திப் பிறந்ததற்காக ஒன்று பெரிசாகிவிட்டது. பிந்திப் பிறந்த பாவத்துக்கு மற்றது ஆயுள் முழுக்கச் சின்னது. நகல் எடுத்தது மாதிரி ஒரே மூக்கு, ஒரே மோவாய், ஒரே அழுகை.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தபால்காரர். நுரை வாய்க்குள் போகாமல் உதட்டின் ஓரத்தால் பேசினார். "ரெட்டைப் பிள்ளைங்களாச்சே. ரெண்டுக்கும்தானே ஊசி போட்டீங்க? மருந்து ஒண்ணுக்கு மட்டும் வேலை செய்யுமா என்ன?"

மனுஷன் பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் கத்தி அப்படியே நின்றுவிட்டது. தொண்டையில் கத்தி நின்றால் யாருக்குத்தான் பதறாது? தபால்காரர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தபோது, சலூன்காரன் அவரைப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஊசி போட்ட அன்றைய சுகாதார நிலையத்துப் பெஞ்சை.

அன்றைக்குக் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். பக்கத்துப் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தட்டம்மை கிளம்பிவிட்டது என்று செய்தி பரவியதும், நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், காலையில் பிள்ளைகளை ஏற்றும் நடையை விட முடியாது. ஆகவே தன் தம்பியைத் துணைக்கு அனுப்பினாள். மச்சானுக்கு வீடு மாற்றுகிற கம்பெனியில் வேலை. பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மூன்று மாடி இறங்குவான், அதனால் எல்லோருக்கும் அவன் பயில்வான். குளிர்காற்று என்று இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே மாதிரிக் குல்லா போட்டு, மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தாள் மனைவி. வந்த வினையே அந்தக் குல்லாதான். சலூன்காரனுக்குப் பிள்ளைகளைப் பிரித்தறிய முகம் தேவையில்லை, உச்சந்தலை போதும். பெரிசுக்குச் சுழி வலப்பக்கம், சின்னதுக்கு இடப்பக்கம். நாள் முழுக்கத் தலைகளையே பார்த்துப் பிழைக்கிறவன், சொந்தப் பிள்ளைகளின் தலையைத் தவறவிடுவானா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் பெரிசு. அதை அவன்தான் மடியில் பிடித்துக்கொண்டான். மேல் கையில் ஊசி இறங்கியதும் அது வீலென்று கத்தியது. அக்காள் கத்துகிறாளே என்று தங்கையும் கத்தினாள். அதுவரை கூட நிலைமை கைக்குள்தான் இருந்தது. அடுத்த ஊசியில் நர்ஸம்மா மருந்தை ஏற்றுவதைப் பார்த்த பயில்வானுக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "மாமா, இதையும் நீங்களே பிடிங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்றான். இவன் அதை வாங்க, அவன் இதை வாங்க, அதற்குள் பயில்வான் சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். வரிசையில் நின்ற பச்சைச் சேலைக்காரம்மா ஒருத்தி ஓடிவந்து இரண்டு குழந்தைகளையும் இரண்டு இடுப்பிலும் ஏந்திக்கொண்டாள். சலூன்காரன் மச்சானின் முகத்தில் தண்ணீர் தெளித்தான். வரிசை மொத்தமும் சிரித்தது. நர்ஸம்மா பொறுமையிழந்து, "அடுத்தது குடுங்க, அடுத்தது குடுங்க" என்றாள். பச்சைச் சேலைக்காரம்மா ஒன்றை நீட்டினாள். அவன் வாங்கி உட்கார்ந்தான். ஊசி போட்டார்கள். குல்லாவைத் தூக்கிப் பார்த்தானா? பார்க்கவில்லை. இரண்டு வாயும் திறந்திருந்தன, நான்கு கண்ணிலும் தண்ணீர். அவள் நீட்டியது எது? கண்ணாடிக்கு முன்னால் நின்று எவ்வளவு யோசித்தும் அந்த முகம் பெரிசாகவும் இருந்தது, சின்னதாகவும் இருந்தது.

"அண்ணே, மீதித் தாடி?" என்றார் தபால்காரர்.

ஒரு வழியாக அவரை முடித்து அனுப்பிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டான். மறுமுனையில் ஏதோ கட்டிலைக் கழற்றிக்கொண்டிருக்கிற சத்தம். "டேய், அன்னைக்கு ரெண்டாவதா நான் வாங்கினது எந்தப் பிள்ளைடா?"

"மாமா, சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு எனக்கு என் பேரே ஞாபகமில்ல."

கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தான். ஒன்றும் ஆகியிருக்காது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சின்னதுக்குப் போடாமல் விட்டிருந்தால் இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டால் போச்சு, இதற்கு ஏன் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. மாடிப்படிக்குக் கீழே வந்தபோது அந்த யோசனை அத்தோடு நின்றது. படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, சின்னப் பெண்பிள்ளைச் செருப்பு. வீட்டுக்குள் மனைவி பெரிசுக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"மாடிவீட்டுக் குருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தட்டம்மையாம். மூச்சு வாங்குதாம். அவளுக்கு ஊசியே போடலையாம், அவ அம்மா சொல்லி அழுவுறாங்க. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு விட்டுட்டாங்களாம். நேத்துக்கூட நம்ம சின்னதை மடியில வச்சிக்கிட்டு மூக்கொழுகிட்டு உக்காந்திருந்தா. நல்லவேளை, நம்ம பிள்ளைங்களுக்கு முன்னாடியே போட்டுட்டோம்."

குருவிக்கு ஐந்து வயது. குரலும் கீச்சு, கைகாலும் குச்சி, அதனால் குருவி. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கழற்றாமல் நேரே இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள். சின்னதென்றால் அவளுக்கு உயிர். தன் விரலை அதன் வாயில் கொடுத்து, ஈறால் கடிக்கவைத்துக் கிளுகிளுவென்று சிரிப்பாள். நேற்று கொடுத்த விரலும் காய்ச்சல் விரல்தான்.

சலூன்காரன் தரையில் உட்கார்ந்தான். சின்னது அவனைப் பார்த்ததும் தவழ்ந்து வந்து முழங்காலைப் பிடித்து நின்றது. அதற்குக் காய்ச்சலும் இல்லை, பொரியும் இல்லை. உச்சந்தலையில் இடப்பக்கச் சுழி பளிச்சென்று தெரிந்தது. இப்போது தெரிந்து என்ன? சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆனபின் சொல்வதில் ஒரு சுலபம் இருக்கிறது, வார்த்தையைத் தேட வேண்டியதில்லை. குல்லா, பயில்வான், பச்சைச் சேலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தாள். "ரெண்டையும் தூக்கிட்டு வாங்க" என்றாள். பின்னால் ஏழு வரிசை காலி இருக்கைகள் ஆட, அந்தப் பள்ளிக்கூட வேனில் நான்கு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். பாதி வழியில், ஒரு திருப்பத்தில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "உச்சந்தலையைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலையிலிருந்து தட்டம்மையைத் தவிர வேறு பேச்சே பேசாத களைப்பு முகத்தில் இருந்தது. மனைவி குருவியின் விஷயத்தைச் சொல்லக் கேட்டுக்கொண்டே முதலில் பெரிசைப் பார்த்தாள். வாய்க்குள் விளக்கடித்தாள், கண்ணை விரித்தாள், நெஞ்சில் குழாயை வைத்தாள். "இது ஊசிக்காய்ச்சல்தான். அந்தப் பொண்ணுகிட்ட இருந்து தொத்தியிருந்தா இவ்வளவு சீக்கிரம் பொரி வராது. ரெண்டு நாள்ல தானாப் போயிடும்" என்றாள். அதன்பிறகு சலூன்காரன் தன் கதையைச் சொன்னான். பயில்வான் சரிந்த இடத்தில் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ பெரிசுக்கு ரெண்டு தடவை போட்டதாலதான் காய்ச்சலா? சின்னதுக்குப் போடவே இல்லையா?" என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. ஊசியில இருக்கிறதும் தட்டம்மைக் கிருமிதான், பலத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. உடம்பு அதோட சண்டை போட்டு, அடையாளம் வச்சிக்கும். அப்புறம் நெசமான கிருமி வந்தா, வாசல்லயே பிடிச்சிடும். சில பிள்ளைங்க அந்தச் சண்டையைச் சத்தம் போட்டுப் போடும், காய்ச்சல் வரும், பொரி வரும். நிறையப் பிள்ளைங்க மூச்சுகூட விடாம முடிச்சிடும். சின்னது உங்களுக்குத் தெரியாம முடிச்சிருக்கலாம். இல்ல, ஊசியே போடாம இருந்திருக்கலாம். வெளியில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ரத்தம் எடுத்துப் பாத்தா?"

"பாக்கலாம். முடிவு வர்றதுக்குள்ள நேரம் போயிடும். அந்தப் பொண்ணோட பழகின மூணு நாளுக்குள்ள ஊசி போட்டாத்தான் நோயைத் தடுக்க வாய்ப்பு. அதனால இப்பவே போட்டுடலாம். முன்னாடியே போட்டிருந்தா இது ஒரு ஊசி வீண், அவ்வளவுதான். போடலைன்னா இதுதான் அதுக்குக் காவல்."

"ரெண்டு தடவை போட்டா ஒண்ணும் ஆகாதா டாக்டர்?" என்றான் சலூன்காரன்.

"ரெண்டு போட்டிருந்தாலும் பெரிசு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

இந்தத் தடவை மனைவியே மடியில் வைத்துக்கொண்டாள். குல்லா இல்லை. நர்ஸம்மா ஊசியோடு வந்தபோது சலூன்காரன் குனிந்து, உச்சந்தலை முடியை இரண்டு விரலால் விலக்கி, "இடப்பக்கம். சின்னதுதான்" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னான். ஊசி இறங்கியதும் சின்னது கத்திய கத்தல் அவன் காதுக்கு இனிப்பாக இருந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். திரும்பும்போது நர்ஸம்மா எச்சரித்து அனுப்பினாள். ஊசி முந்தியதா, குருவியின் கிருமி முந்தியதா என்று இப்போதே சொல்ல முடியாது. இருமல், கண் சிவப்பு, சாப்பாட்டில் வெறுப்பு என்று ஏதாவது தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினான் என்பது அவனுக்கே வெளிச்சம். மனைவி பேசினாள், ஆனால் உப்பு, பால், சாவி என்று பொருள்களைப் பற்றி மட்டும் பேசினாள். ஒருநாள் மட்டும், சோறு போடும்போது, மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வாய்வழியே வந்துவிட்டது போல, "ஒருதடவை பாத்த கிருமியையே இத்துனூண்டு உடம்பு மறக்காதாம். பெத்த பிள்ளை முகம் உங்களுக்கு மறந்துபோச்சு" என்றாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். சலூனில் யாராவது இருமினால் கத்தரி நின்றுவிடும். நாளுக்கு நாலு தடவை வீட்டுக்கு ஓடிச் சின்னதின் கண்ணை விரித்துப் பார்த்தான். அதற்கு அது விளையாட்டு. அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

சாயங்காலங்களில் குருவியின் அம்மாவுக்கு மாற்றுத்துணியும் பிளாஸ்கில் வெந்நீரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். வார்டுக்குள் அவனை விடமாட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், முகத்தைவிடப் பெரிய பிராணவாயு மூச்சுமூடியை மாட்டிக்கொண்டு குருவி கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வெளியே வந்தது. பாவம் குழந்தை என்று கண்ணாடியில் கையை வைத்தான். அடுத்த நொடியே என் பிள்ளைக்கு மட்டும் இது வேண்டாம் என்று மனசு அலறியது. அடுத்தவள் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தான். குருவியின் அம்மா, "உங்க பிள்ளைங்க எப்படி இருக்குங்க?" என்று கேட்டபோது, அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குருவிக்கு மூச்சுமூடியைக் கழற்றிவிட்டார்கள் என்று நல்ல சேதி வந்த அன்றே, ஊசி போட்ட எட்டாம் நாள், சின்னதுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் வயிற்றில் பொரி. மனைவி வேனை எடுத்தாள், அவன் இரண்டையும் தூக்கினான். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். வாய்க்குள் வெள்ளைப் புள்ளி இல்லை, இருமல் இல்லை, கண் தெளிவாக இருந்தது. "ஊசிக்காய்ச்சல் மாதிரிதான் தெரியுது. ஆனா நீங்க பக்கத்துலயே நோயை வச்சிருந்தவங்க. எதுக்கும் சோதனைக்கு அனுப்பிடறேன். ஊசிக்கிருமியா, ஊர்க்கிருமியான்னு அதுல பிரிச்சுச் சொல்லிடுவாங்க" என்று தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு துடைப்பு துடைத்து எடுத்தாள். முடிவு வரும்வரை யாரையும் வீட்டுக்குள் விடவேண்டாம் என்றாள். வேன் நடைக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு மனைவி வீட்டிலேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சலூனில் கூட்டம். நாற்காலி இரண்டிலும் ஆள், பெஞ்சு நிறைய ஆள். கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கடை வாசற்படியைத் தாண்டியதில்லை. வானொலி பாடிக்கொண்டிருந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள். அவள் தலைமுடி கலைந்து, காலில் இவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சலூன்காரனின் கையிலிருந்து சீப்பு நழுவிக் கீழே விழுந்தது. உயிர் போய்விட்டது அவனுக்கு.

"ஊசிக்கிருமிதானாம்" என்றாள்.

"என்னது?"

"ஊசியில இருந்ததுதானாம். குருவியோடது இல்லையாம். டாக்டரம்மாவே போன் பண்ணினாங்க. மொதல் தடவை போட்டுக்கிட்ட பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் இப்படி வருமாம். அப்போ அன்னைக்குப் பெரிசுக்கே ரெண்டையும் போட்டிருக்கீங்க, மகராசா!"

முடிவெட்டிக்கொண்டிருந்தவர் போர்வையோடு எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அதில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "சின்னதுக்கு இப்பத்தான் பொரி அமுங்குது, பெரிசு அது முதுகைத் தடவிப் பாக்குது" என்று விக்கலுக்கு நடுவே சொன்னாள். அவனும் அழுதான். இத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று அப்போதுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது. "பயில்வான்கிட்ட" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கடைக்குள் இல்லை. பாதி முடி வெட்டிய மனுஷன் போர்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் குருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாடிப்படி ஏறாமல் வழியிலேயே அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கிவிட்டாள் போலிருக்கிறது, இவர்கள் வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பே குச்சி, இப்போது குச்சியிலும் பாதி. அவளுக்குப் பின்னால், இரண்டு படி தள்ளி, ஆஸ்பத்திரிப் பையோடு அவள் அம்மா.

"அத்தை, நான் உள்ள வரலாமா?"

மனைவி திரும்பிக் குழந்தைகளைப் பார்த்தாள். பிறகு கதவை முழுக்கத் திறந்தாள். "வாடி தங்கம். இனிமே உன்கிட்ட இருந்து யாருக்கும் வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

குருவி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தைகளைத் தொடவில்லை. சின்னதின் வயிற்றில் வெளுத்துப்போன பொரிகளை உற்றுப் பார்த்தாள். "இது என்னால வந்ததா மாமா?"

"இல்ல கண்ணு" என்று சலூன்காரன் அவள் பக்கத்தில் குந்தினான். "இது ஊசி போட்டதால வந்தது. உனக்கு வந்த மாதிரி வராம இருக்கத்தான் அந்த ஊசி."

அவள் தன் குச்சிக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் அதைப் போட்டிருந்தா, எனக்கும் வந்திருக்காதா?"

வாசலுக்கு வெளியே, பையைப் பிடித்திருந்த கை சுவரில் ஊன்றிக்கொண்டது. மனைவி எழுந்து போய் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள், பையை வாங்கிக் கீழே வைத்தாள். அதற்குள் சின்னது தவழ்ந்து வந்து குருவியின் மடியில் ஏறி, அவள் விரலைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனது. குருவி பயந்துபோய் மனைவியின் முகத்தைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. தடுப்பதற்கு எழும்பிய மனைவியின் கை பாதியில் நின்றது. பிறகு அப்படியே போய்க் குருவியின் தலைமேல் உட்கார்ந்தது. சின்னது, முளைத்தும் முளைக்காத பல்லால், அந்த விரலைக் கடித்தது.